எல்லாத் தோல்விக்கும் பொறுப்பானவர்

எனக்கு எழுத வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், கடைக்குச் சாமான் துண்டு எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு மனிதரைப் பற்றி எழுதியது இல்லை. முன்னுக்குப் பின் வரும், சிலது மறந்தும் போயிருக்கும், கோபிக்காமல் வாசியுங்கள். அவருடைய மனைவி ஆண்டு நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறார். "அக்கா, நீங்கள்தான் அவரோடை கனக்க மட்ச் பாத்தனீங்கள். நீங்களும் ரெண்டு பக்கம் எழுதோணும்" என்று கையில் பேனையைத் தந்துவிட்டுப் போனார்.

நான் பார்த்தேன் என்பது சரி. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவர் உயிராய் இருந்த உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரையும் எழுதவில்லை. விளையாட்டு நாளில் பெயர் சொல்லக் கூடாது என்பது அவருடைய கட்டளை. இன்றைக்கு விளையாட்டு நாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, எதற்கு வீண் வம்பு. அவர் சொன்ன மாதிரியே 'எங்கடை ஆக்கள்' என்று எழுதுகிறேன்.

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவர். பின்பக்கம் இடுப்பளவு பலகை வேலி. அவர் ஜெர்மனியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெலிந்த மனிதர். எப்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்கப் போகிறவர் மாதிரி ஒரு முகம். அது சும்மா முகம் அல்ல, உண்மையாகவே கேட்பார்.

ஒரு குளிர் காலத்தில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் பழுதாகிவிட்டது. திருத்த ஆள் வருமுன்னே இவர் வாசலில் நின்றார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. போன கிழமைதான் என்ரை மனிசிக்குச் சொன்னனான், பக்கத்து வீட்டுப் பொயிலர் சத்தமில்லாமல் என்ன வடிவா ஓடுது எண்டு. என்ரை வாய்தான்."

"தம்பி, அது பதினைஞ்சு வருசப் பொயிலர்."

"பதினைஞ்சு வருசம் ஓடினது, நான் வாய் வைச்ச உடனை நிண்டிட்டுது. பாருங்கோவன்."

கவுன்சில்காரர் குப்பை எடுக்க வராவிட்டாலும் அவர்தான் காரணம், மழை பெய்தாலும் அவர்தான் காரணம். உலகத்தில் நடக்கிற பிழை எல்லாம் எப்படியோ சுற்றி வந்து அவருடைய காலடியில் நிற்கும். அவர் அதைக் குனிந்து எடுத்துக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கடை ஆக்களின் கதைக்கு வருகிறேன். லண்டனுக்கு வந்த முதல் கிழமை, பால் வாங்கக் கடைக்குப் போன இடத்தில் பெரிய ஆரவாரம் கேட்டதாம். என்னவென்று கேட்டிருக்கிறார். இரண்டு தெரு தள்ளி விளையாட்டு, கோல் போட்டுவிட்டார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "அண்டைக்கு நான் பாக்கேல்லை, வெண்டவை. அடுத்த கிழமை ரிக்கெற் எடுத்துப் போய்ப் பாத்தன், அஞ்சு கோல் வாங்கினவை" என்று சொல்லுவார். மூன்று முறை போய் மூன்று முறையும் தோல்வி. நாலாம் முறை போகவில்லை. அதற்குப் பதிலாகக் கழகத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் மரியாதையாக நன்றி சொல்லி, வருடம் முழுவதற்குமான ரிக்கெற் விண்ணப்பப் படிவத்தை அனுப்பி வைத்தார்கள். அதைக் கையில் எடுத்துக் கண்ணில் தண்ணீர் விட்டாராம். "இவ்வளவு செய்தும் என்னை வரச் சொல்லுகினம்" என்று.

அதற்குப் பிறகு வீட்டில் ரீவியில் பார்த்தாலும் தோல்வி என்று விளையாட்டுச் சனலையே வெட்டிவிட்டார். எங்கள் வீட்டில் என் மகன் அந்தச் சனலுக்குக் காசு கட்டியிருந்தான். சனி ஞாயிறு அவனுக்கு வேலை, ஷிப்ட். போகும்போது ரீவியை நிறுத்த மறந்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முன்னறையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கறிவேப்பிலை தருவதற்காக இவர் வந்தார். திரையைக் கண்டதும் படக்கென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, என்ன நிலை?"

"என்னத்தின்ரை நிலை தம்பி?"

"மூலையிலை இலக்கம் போட்டிருக்கும்."

"ஒண்டுக்கு ஒண்டு."

அவர் கண்ணை மூடியபடியே நிற்க, யாரோ ஒருவன் உதைக்க, பந்து உள்ளே போய்விட்டது. "ரெண்டுக்கு ஒண்டு" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே கறிவேப்பிலைக் கொத்தைச் சுவரைப் பார்த்து நீட்டிவிட்டு, கதவு நிலையில் இடித்துக்கொண்டு வெளியே போனார். வென்றது எங்கடை ஆக்களாம். அன்று மாலை வேலிக்கு மேலால் சொன்னார்:

"அக்கா, உங்கடை கண் நல்ல கண்."

நான் ஆட்களோடு அதிகம் கதைப்பவள் அல்ல. வாசல் மணி அடித்தால் முதலில் திரைக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பேன். மறுக்கவும் தெரியாது. அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. விளையாட்டு நடக்கும்போது நான் பின் கதவைத் திறந்து வைத்து ரீவிக்கு முன்னால் இருக்க வேண்டும். அவர் வேலிக்கு அந்தப்பக்கம் எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கோல் விழுந்தால் நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். வென்றால் அவர் படியில் ஒரு தேங்காய் உடைப்பார். நான் பார்த்தும் தோற்றால், அது அவர் இருமியதால், அல்லது காலை மாற்றி வைத்ததால். என் கண்ணில் ஒரு நாளும் குறை சொன்னது கிடையாது.

இன்னொரு கஷ்டம். சனிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கும் விளையாட்டை இந்த நாட்டு ரீவியில் காட்ட மாட்டார்கள். அதற்குப் பதிலாக நாலு பேர் மேசையில் இருந்துகொண்டு, நமக்குத் தெரியாத வேறொரு ரீவியைப் பார்த்துக் கத்துவார்கள். அவர்கள் பார்ப்பதை நான் பார்த்து, நான் பார்ப்பதை வேலியில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும். கீழே எழுத்து ஓடும். எங்கடை ஆக்களின் பெயர் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, கோலத்தைப் போல அதன் வடிவத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

இப்படியே இரண்டு வருடம் போனது. மூன்றாம் வருடம்தான் எங்களைச் சாப்பிட்ட வருடம்.

இங்கே மேல் பிரிவில் இருபது கழகங்கள். ஓகஸ்ட்டில் தொடங்கி மே மாதம் முடியும்போது கடைசி மூன்று இடத்தில் நிற்பவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட வேண்டும். எங்கடை ஆக்கள் ஓகஸ்ட்டிலேயே சரிவாகத்தான் தொடங்கினார்கள். புரட்டாதிக்குள் பதினெட்டாம் இடம். கோல் காப்பாளருக்குக் கையில் பந்து நிற்கவில்லை. அவர் எந்த நாட்டவரோ, ஆறரை அடி உயரப் பொடியன். இவர் எங்கேயோ தேடி அவனுடைய பிறந்த தேதியை எடுத்து, பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் பார்த்து, ஏழரைச் சனி என்று கண்டுபிடித்துவிட்டார். புரட்டாதிச் சனிக்கிழமை எல்லாம் கோயிலில் அவனுக்காக எள்ளெண்ணெய் எரித்தார். அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"இது என்ன பேர்? வெள்ளைக்காரரோ?" என்றார் ஐயர்.

"ஓம் ஐயா."

"உங்களுக்கு என்ன முறை?"

இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கடை பின்பக்கத்தைப் பாத்துக்கொள்ளுறவர்."

ஐயர், காவலாளி என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார்.

மார்கழிக் குளிரில் ஒரு பெரிய பிழை விட்டேன். எங்கடை ஆக்களின் சட்டை பச்சை. அன்று வேறு ஊரில் விளையாட்டு. பச்சைச் சட்டைக்காரர் ஒரு கோல் போட்டார்கள், சொன்னேன். இன்னொன்று போட்டார்கள், சொன்னேன். முடிந்ததும் "வெண்டாச்சு தம்பி, ரெண்டுக்குச் சைபர்!" என்றேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. தேங்காய் உடைந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரவு மகன் வந்துதான் சொன்னான், வேறு ஊருக்குப் போனால் சில நாள் எங்கடை ஆக்கள் வெள்ளைச் சட்டை போடுவார்களாம், அன்று பச்சை எதிராளியுடையதாம். நான் ஒன்றரை மணி நேரம் எதிராளிக்குக் கண் பார்த்திருக்கிறேன்.

காலையில் வேலியடிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அவரே வந்தார்.

"அக்கா, முதலே நிறம் சொல்லித் தராதது என்ரை பிழை. உங்களை அந்தரப்படுத்திப் போட்டன்."

அவருடைய மனைவி குசினி ஜன்னலுக்குள் இருந்து கத்தினார். "ஓமோம்! உங்கடை பிழைதான். அந்த வெள்ளைச் சட்டையை ராத்திரி நீங்கள்தானே தோச்சுக் குடுத்தனீங்கள்!"

பங்குனியில் அவருக்கு நெஞ்சுக்குள் அடைப்பு என்று டொக்டர் சொன்னார். ஒப்பரேஷன் செய்ய வேண்டும், தேதி வந்தது. கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, தனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்று ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்துத் தள்ளிவைத்தார். இரண்டாவது தேதி வந்தது. மறுபடியும் தடிமன். மூன்றாவது கடிதம் மனைவியின் கையில் அகப்பட்டது. இந்த முறையும் வராவிட்டால் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமை ஒப்பரேஷன். அதே கிழமை ஞாயிற்றுக்கிழமை கடைசி விளையாட்டு. தோற்காமல் இருந்தால் மேல் பிரிவில் நிற்பார்கள், தோற்றால் கீழே.

அவருடைய மனைவி, பாவம் அந்தப் பிள்ளை, என்னிடம் வந்து அழுதது. "அக்கா, நான் மயங்கிக் கிடக்க அவை கீழை போனால் என்ன செய்யிறது எண்டு கேக்கிறார். அவர் போனால் நான் என்ன செய்யிறது எண்டு கேக்கிறாரில்லை. நீங்கள் சொன்னால் கேப்பார். உங்கடை கண்ணிலை அவருக்கு நம்பிக்கை."

நான் யாருக்கும் புத்தி சொன்னவள் அல்ல. இரண்டு நாள் வேலிவரை போய்ப் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் அவர் கத்தரிக்கு மண் போட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். நீங்கள் பாத்தால் தோக்கினம், நான் பாத்தால் வெல்லினம். இது நீங்கள் சொன்னதுதானே?"

"ஓம் அக்கா."

"அப்ப நீங்கள் வேலியடியிலை நிக்கிறது என்னத்துக்கு?"

அவர் மண்வெட்டியைப் பிடித்தபடி யோசித்தார். "பொறுப்புக்கு அக்கா. ஆரும் ஒராள் பொறுப்பா நிக்கத்தானே வேணும்."

"அந்தப் பொறுப்பை எனக்குத் தாங்கோ. வெண்டால் முருகன் செயல், தோத்தால் என்ரை பிழை. நீங்கள் போய்ப் படுத்து நெஞ்சை வெட்டுவியுங்கோ."

"அது பாரம் அக்கா."

"நான் ஆறு பிள்ளை பெத்தனான்."

மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு உள்ளே போனார். கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். செம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது மாதிரி, வேலிக்கு மேலால் என் இரண்டு கையிலும் தண்ணீர் ஊற்றி, எங்கடை ஆக்களை எனக்குக் கொடுத்தார். அடுத்த தோட்டத்து வெள்ளைக்காரர் உடுப்புக் காயப் போடுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இவர் எனக்கு விதிகளைச் சொன்னார். பெயர் சொல்லக் கூடாது. வெல்லுவார்கள் என்று நினைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசில் ஊதும்வரை கதிரையை விட்டு எழும்பக் கூடாது.

"நீங்கள் வந்து சொல்லுமட்டும் நான் ஆரிட்டையும் கேக்கமாட்டன் அக்கா. இது சத்தியம்."

வியாழக்கிழமை ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு விளையாட்டு. என் மனம் கேட்கவில்லை. அவர்களுக்காகப் பிள்ளையாருக்கு மோதகம் அவிக்க அடுப்பில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டதே என்று ஓடிப் போய்க் கதிரையில் இருந்தேன். இருந்த பிறகுதான் அவிக்கிற பானையை இறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எழும்பக் கூடாது. முதல் பாதி ஒன்றுக்கு ஒன்று. இடைவேளையில் எழும்பலாமா என்று அவர் சொல்லவில்லை, அதனால் எழும்பவில்லை. இரண்டாம் பாதியிலும் ஒன்றுக்கு ஒன்று. குசினியில் இருந்து மணம் வந்தது. இருந்தேன். புகை வந்து ரீவியையும் மறைத்தது. இருந்தேன். பத்து நிமிடம் இருக்கும்போது, கூரையில் பூட்டியிருக்கிற புகை மணி வீடு அதிர அலறத் தொடங்கியது. வீடு மகனுடையது. எழும்பி ஓடினேன். அடுப்பை நிறுத்தி, கதிரை போட்டு ஏறி, துவாயால் விசுக்கி மணியை அடக்கிவிட்டு வந்து பார்த்தால் மூன்றுக்கு ஒன்று. எங்கடை ஆக்கள் ஒன்று. பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் புல்லில் குப்புறக் கிடந்தார். நான் மூன்று தரம் நிறத்தைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவருடைய மனைவியோடு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "நெஞ்சைத் தைச்சு நாலு நாள் அக்கா. சமன் எண்டு சொல்லுங்கோ. வீட்டை வந்தாப்பிறகு மெல்லச் சொல்லுவம்" என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது. வழி முழுக்க வாய்க்குள் "சமன், சமன்" என்று சொல்லிப் பழகினேன்.

அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் இயந்திரம் கீச்சுக் கீச்சென்றது. உண்மையாகவே யாரிடமும் கேட்கவில்லை. தாதி ஏதோ சொல்ல வாய் திறந்தாலே காதைப் பொத்தினாராம்.

"அக்கா. சொல்லுங்கோ."

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சமன் வரவில்லை, அழுகைதான் வந்தது. "கீழை போயிட்டினம் தம்பி. என்னாலைதான். நான் எழும்பிப் போனன்."

அவருடைய மனைவி இயந்திரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அதே கீச்சுத்தான். அவர் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார்.

"அக்கா, என்ன விசர்க்கதை இது? விளையாட்டு எங்கை நடந்தது?"

"மைதானத்திலை."

"நீங்கள் எங்கை?"

"குசினியிலை."

"நீங்கள் குசினிக்குப் போனதுக்கு அங்கை ஒருத்தனுக்குக் கால் இடறுமோ? சொல்லுங்கோ பாப்பம். அவங்கள் விளையாடத் தெரியாமல் தோத்தவங்கள். நீங்களேன் அழுறியள்? உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணைத் துடையுங்கோ."

"முப்பது வருசமா நான் இதைத்தானே கத்தினனான்" என்று அவருடைய மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் கண்ணைத் துடைத்தேன். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பிலை என்ன அக்கா வைச்சனீங்கள்?"

"மோதகம். பிள்ளையாருக்கு. அவைக்காகத்தான்."

"எத்தினை?"

"பதினொண்டு. விளையாடுற ஆளுக்கு ஒண்டு."

"இடையிலை ஆள் மாத்தி இறக்கிறவைக்கு?"

"அவைக்கு… அவைக்கு அவிக்கேல்லைத் தம்பி."

அவர் கண்ணை மூடினார். மெல்ல மெல்ல முகத்தில் பழைய நிறம் வந்தது. நாலு நாளாக அவரிடம் இல்லாத ஒரு தெம்பு.

"ச்சா. நான் சொல்லித் தந்திருக்கோணும். என்ரை பிழை அக்கா."

அவருடைய மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். முழுவதையும் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். நான் ஒரு கோல் என்று எழுதிய இடத்தில் இரண்டு இருக்கலாம், பங்குனி என்றது சித்திரையாக இருக்கலாம். மகனிடம் கேட்டால் சிரிப்பான், அதனால் கேட்கவில்லை. இந்தப் புத்தகத்தை அச்சடிக்கிறவர்கள் யாராவது பழைய கணக்கைப் பார்த்துத் திருத்திவிடுங்கள். முக்கியமாக அந்தக் கடைசி இரண்டு கோலும் எத்தனையாம் நிமிடத்தில் விழுந்தன என்று பாருங்கள். புகை மணி அடிக்கத் தொடங்குவதற்கு முன்னமே ஒரு கோலாவது விழுந்திருந்தால், எனக்கு ஒருக்கால் சொல்லி அனுப்புங்கள்.